கூட்டின் மேல் வைத்த இலைகள்

கொழுந்துக் கூடையின் விளிம்பில் ஒரு கண்ணாடிக் குருவி வந்து உட்கார்ந்த நொடியில்தான் எனக்கு அந்த யோசனை தட்டியது. கூடை ஓர் அக்காவின் முதுகில் இருந்தது. தலைக்கயிறு இறுகி, இரண்டு கையும் தேயிலைச் செடியின் மேல் ஓடிக்கொண்டிருக்க, அவர் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார். கை பின்னால் போய்க் கொழுந்தைப் போடும்போதெல்லாம் குருவி ஓர் அங்குலம் தள்ளி நின்றதே தவிரப் பறக்கவில்லை. பச்சையும் மஞ்சளுமாக என் விரல் நீளம்தான் இருக்கும். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம், மூக்குக்கண்ணாடி போட்ட மாதிரி. அதனால்தான் எங்கள் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், அதற்கு அந்தப் பெயர்.

நான் இரண்டடி முன்னால் வைத்தேன். குருவி போய்விட்டது.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. கொட்டகலைக்கு மேலே எங்கள் தோட்டத்து ஆபீசில் தற்காலிகச் சின்னக் கிளாக்கர். லயத்துப் பிள்ளைகளில் எஸ்.எஸ்.சி. பாஸ் பண்ணி ஆபீசுக்குள் மேசை போட்டு உட்கார்ந்த முதல் ஆள் என்பதால் வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, பையில் பேனா. அந்த வெள்ளைதான் குருவிகளுக்குப் பிடிக்கவில்லை என்பது அன்றைக்குத்தான் விளங்கியது. பழைய தொரை சீமைக்குக் கப்பலேறும்போது பங்களாச் சாமான்களை விற்றதில் எனக்கு ஒரு பெட்டிக் கமரா கிடைத்திருந்தது. ஒரு சுருளுக்கு எட்டுப் படம். ஆறு மாதமாக அதைத் தூக்கிக்கொண்டு மலை மலையாக அலைந்தேன். படத்தைக் காட்டி "குருவி" என்றால், பார்க்கிறவர்கள் "எங்க?" என்று கேட்டார்கள்.

கொழுந்தெடுக்கிறவர்களைக் குருவிகள் சட்டை பண்ணுவதில்லை. இடுப்பில் சாக்குப் படங்கு, முதுகில் கூடை, பொழுதுக்கும் ஒரே மாதிரி அசைவு. செடிகளோடு இன்னொரு செடி. அப்படியானால், கமரா கூடைக்குள் இருந்தால்?

"அக்கா, ஒங்க கூடைக்குள்ள என் கமராவ வச்சிக்கலாமா?"

அக்கா திரும்பவில்லை. "அப்ப கொழுந்த எங்க போடுறது, ஒன் சட்டப் பையிலயா?"

பக்கத்து நிரைப் பெண்கள் சிரித்தார்கள். பின்னால் கங்காணியின் செருமல் கேட்டதும் அக்கா குரலை மாற்றிக்கொண்டார். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க ஐயா, வழிய மறிக்கிறீங்க." மற்றவர்கள் முன்னால் நான் ஐயா. பீலிக்கரையில் தண்ணீருக்கு நிற்கும்போது "டேய் தம்பி". இரண்டும் அவர் வாயில் ஒரே மாதிரிதான் ஒலிக்கும். முதலாவதில் கொஞ்சம் கேலி கூட.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. காரணம் பின்னால் வரும். மூன்றாம் லயத்துத் தொங்கல் காம்பராவில், அதாவது வரிசையின் கடைசி அறையில் இருந்தார். முப்பது வயதுக்குக் கீழேதான். புருஷனுக்கு ஸ்டோரில், தேயிலை அரைக்கிற மெசினில் வேலை. நல்ல உயரம். கைகள் நீளம். பேச்சு கொஞ்சம்தான், ஆனால் பேசினால் பதில் சொல்ல நமக்கு அரை நாள் வேண்டும்.

அவரிடம் ஒரு குணம் இருந்தது. எதை எடுத்தாலும், எதை நகர்த்தினாலும், முன்பு எப்படி இருந்ததோ அப்படியே திருப்பி வைப்பார். சுத்தம், ஒழுங்கு என்று பள்ளிக்கூடத்தில் சொல்வார்களே, அந்த வகை இல்லை. ஒழுங்கில்லாமல் கிடந்ததை ஒழுங்கில்லாமலே வைப்பார். எங்கள் அம்மா அடுப்படியில் கோணலாகச் செருகிய தீப்பெட்டியை இரவல் வாங்கிப் போனால், திரும்பும்போது அதே கோணலில் செருகியிருக்கும். பீலியில் துணி துவைக்க ஒரு கல்லைப் புரட்டினால், துவைத்து முடித்ததும் பாசிப் பக்கம் மேலே வரும்படி புரட்டிவிட்டுத்தான் வாளியைத் தூக்குவார். செடிக்குள் கையைவிட்டு ஒரு வாதை, அதாவது சிறு கிளையை, விலக்கினால், விலக்கிய வாதை அதன் இடத்தில் விட்ட பிறகே அடுத்த செடி. கங்காணி இதைப் பற்றி ஒருநாள் கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "இவ எடுத்த செடியப் பாத்தா எடுத்தாளா எடுக்கலயான்னு ஒண்ணும் வெளங்காது. கூடையப் பாத்தாத்தான் நம்ப முடியும்."

"ஏன் அக்கா இப்படி?" என்று கேட்டேன்.

"ஏன்னா என்னா அர்த்தம்? நாம வர்றதுக்கு முன்ன அது அப்புடித்தானே இருந்துச்சு."

இந்தக் குணத்தில் நான் முதலில் மாட்டிக்கொண்டது ஒரு கொம்போணானால். மூக்கு நுனியில் சின்னக் கொம்பு வைத்த ஓணான் அது. மலைக்கு மேலே காட்டோரத்தில், பாசி படிந்த மரத்தில் அதைக் கண்டேன். அங்கே வெளிச்சம் போதாது. கைக்குட்டையில் சுற்றிக் கீழே கொண்டுவந்து, ஸ்டோர் ரோட்டோரப் பாறையில், நல்ல வெயிலில் விட்டு இரண்டு படம் எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை. அக்கா விறகுக் கட்டோடு வந்தார்.

"இது எங்கருந்து வந்துச்சு?"

"மேல காட்டோரம்."

"எந்த மரம்?"

"ஏதோ ஒரு மரங்க்கா. போயிரும், விடுங்க."

அக்கா விறகை இறக்கி வைத்தார். "வா. அந்த மரத்தக் காட்டு."

ஒரு மணி நேர ஏற்றம். காலில் இரண்டு அட்டை ஏறின. மரத்தைக் காட்டினேன். அதோடு விடவில்லை. "தல மேல பாத்து இருந்துச்சா, கீழ பாத்தா?" எனக்கு ஞாபகமில்லை. மேலே என்று சொல்லிவைத்தேன். அவர் ஓணானைத் தலை மேலே இருக்கும்படி பட்டையில் பிடித்து வைத்தார். அது கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, நிதானமாகச் சுற்றித் திரும்பி, தலையைக் கீழே வைத்துக்கொண்டு அசையாமல் நின்றது.

"பொய் சொல்லியிருக்க," என்றார் அக்கா. திரும்பி வரும் வழி முழுக்க அவர் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. சிரிப்பு என்று கீழே வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அந்தப் பொய்க்குப் பிறகும் அவர் என்னை நம்பினார். அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

நாலாம் நம்பர் மலையில் அவருடைய நிரையில், மழைத் தண்ணீர் ஓட வெட்டிய கானுக்குப் பக்கத்துச் செடியில், கண்ணாடிக் குருவி கூடு கட்டியிருந்தது. இரண்டு வாதுக்கு நடுவே தொட்டில் மாதிரித் தொங்கும் சின்னக் கூடு. உள்ளங்கையில் பாதிகூட வராது. அதன் மேல் இருந்த கொழுந்தை மட்டும் அக்கா எடுக்காமல் விட்டிருந்தார். கங்காணியிடம் அதற்காக ஏச்சும் வாங்கியிருந்தார். குஞ்சு பொரித்த அன்று பீலிக்கரையில் என்னிடம் சொன்னார். "ரெண்டு குஞ்சு. வந்து பாரு. தொடாத."

நான் தொடவில்லை. தொடாமல் செய்ய முடிந்த எல்லாவற்றையும் செய்தேன்.

பெட்டிக் கமராவுக்கு ஆறேழு அடிக்குக் கிட்டே போனால் கண் தெரியாது. அதற்கு வழி கண்டுபிடித்திருந்தேன். பெரிய கிளாக்கரின் மூக்குக்கண்ணாடி ஒரு பக்கம் உடைந்துபோய்க் கிடந்தது. மிஞ்சிய வில்லையைக் கேட்டேன். அவர் யாழ்ப்பாணத்தவர், கடுமையானவர், ஆனால் கேட்டதைக் கொடுப்பார். "உம்மட குருவி ஏற்கெனவே கண்ணாடி போட்டிருக்கெண்டு சொன்னீர். இப்ப கமராவுக்கும் வேணுமோ?" என்றார். அந்த வில்லையைக் கமராவின் கண்ணுக்கு முன்னால் மெழுகால் ஒட்டினால் சரியாக ஒரு முழத் தூரத்தில் இருப்பது தெளிவாக விழுந்தது. அமுக்குகிற விசையில் நூலைக் கட்டித் தூரத்தில் இருந்து இழுக்கலாம். எல்லாம் தயார். ஒன்றுதான் குறை. கூடு செடிக்குள் இருட்டில் இருந்தது. என் கமராவுக்கு வெயில் வேண்டும்.

தோட்டத்தில் பிறந்தவனுக்குச் செடிக்குள் வெளிச்சம் வேண்டுமென்றால் ஒரே வழிதான் தெரியும். என் அப்பா கவ்வாத்து வெட்டுகிறவர். அவருடைய கத்தி கூரை இடுக்கில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை அதை எடுத்துக்கொண்டு போய், கூட்டுக்கு மேலே இருந்த வாதுகளை அப்பா வெட்டுகிற மாதிரியே சாய்த்து, ஒரே இழுப்பில், நார் கிளம்பாமல் வெட்டினேன். வெட்டு அவ்வளவு சுத்தமாக விழுந்ததில் எனக்குப் பெருமைகூட வந்தது. வெயில் நேரே கூட்டுக்குள் இறங்கியது. கானுக்குள் படுத்துக்கொண்டு நூலைப் பிடித்திருந்தேன். ஒரு மணி நேரம் கழித்துத் தாய்க் குருவி வந்தது. நாலு படம். சுருளில் பாதி. கத்தியையும் கமராவையும் தூக்கிக்கொண்டு பாட்டுப் பாடியபடி இறங்கினேன்.

பின்னேரம் நாலு மணிக்கு அக்கா எங்கள் வாசலில் நின்றார்.

"தம்பி, நீ அங்க போனியா?"

"போனேங்க்கா. நாலு படம். எல்லாம் விழுந்திருக்கும்."

"ஒரு குஞ்சுதான் இருக்கு."

நான் மலைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"காக்கா," என்றார். "மேல பறந்தாலே தெரியுது, தட்டுல வச்ச மாதிரி." ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசவில்லை. "வெட்டுன வாதெல்லாம் எங்க?"

"கானுக்குள்ள போட்டேன்."

"எத்தன?"

"ஏழு. எட்டு இருக்கும்."

"ஏழா, எட்டா?"

எட்டு. கானில் இறங்கிப் பொறுக்கிக்கொண்டு வந்தேன். அக்கா படங்குச் சாக்கின் ஓரத்தில் இருந்து நூல் உருவினார். எந்த அடிக்கட்டையில் எந்த வாது இருந்தது என்று வெட்டுவாயோடு வெட்டுவாய் பொருத்திப் பார்த்து, "இது இதோடது இல்ல, அதக் குடு" என்று ஒவ்வொன்றாகக் கட்டினார். நான் பிடித்துக்கொடுத்தேன். முடித்தபோது செடி பழையபடி இருந்தது. தூர நின்று பார்த்தால் எனக்கே கூடு தெரியவில்லை. தாய்க் குருவி உள்ளே போனது.

"சரியாயிருச்சுல்ல அக்கா?"

"நாளைக்கு வாடிரும்," என்றார்.

வாடியது. மறுநாள் விடியும்போது, வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்கு முன்னால், அவர் மலைக்குப் போய் வாடிய எட்டையும் அவிழ்த்து, எட்டுப் புது வாது கட்டினார். ஒரு செடியிலிருந்து ஒன்றுதான் எடுப்பார். அடுத்த நாளும் போனார். குஞ்சு பறக்க இன்னும் எட்டு நாளாவது ஆகும். அதுவரைக்கும் இதுதான் என்று அவர் முடிவு செய்துவிட்டார் என்பதை, புதன்கிழமை அவர் புடவை முழங்கால்வரை பனியில் நனைந்திருந்ததைப் பார்த்துப் புரிந்துகொண்டேன்.

வியாழக்கிழமை கொழுந்து ஆட்களை ஆற்றுக்கு அந்தப்பக்கம், ஒன்பதாம் நம்பர் மலைக்கு அனுப்பினார்கள். தூரம் அதிகம் என்பதால் பெரட்டு வெள்ளனவே கூடியது. பெரட்டுக் களத்தில் பேர் எழுதுவது என் வேலை. அக்கா வந்து சேர்ந்தபோது வரிசை கலைந்துவிட்டது. மலை வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையா கைக்கடிகாரத்தைக் காட்டினார்.

"பொண்ணு, இப்பத்தான் விடிஞ்சிச்சா ஒனக்கு?"

கூடு, குஞ்சு, கிளாக்கர், கத்தி, எதையுமே அக்கா சொல்லவில்லை.

"லயத்துக்குப் போ. நாளைக்கு நேரத்துக்கு வா."

அவர் திரும்பி நடந்தார். நான் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். என்னால் அவருக்கு ஒரு நாள் வேலை போனது. நாலு பேர் பார்க்காத நேரத்தில், அவர் பெயருக்கு நேரே வந்ததாக எழுதிவிட்டேன். சின்னக் கோடு. எனக்கு அது பெரிய நியாயமாகத் தெரிந்தது.

பின்னேரம் பீலிக்கரையில் காதோரம் போய்ச் சொன்னேன். "கவலப்படாதீங்க அக்கா. பேரு போட்டுட்டேன்."

வாளி நிரம்பி வழிந்தது. அவர் அதை நகர்த்தவில்லை.

"நான் மலைக்குப் போகலியே."

"அது எனக்கும் ஒங்களுக்குந்தானே தெரியும்."

"எடுத்துரு."

"எடுத்தா பெரிய கிளாக்கர் கேப்பாரு. என் வேல போயிரும் அக்கா."

"அத நீ பேனாவத் தொறக்க முன்ன யோசிச்சிருக்கணும்." வாளியைத் தூக்கினார். "இல்லாத எடத்துல எம் பேர வைக்காத தம்பி. எனக்கு ஒரு மாதிரியா இருக்கு." நாலடி போய் நின்றார். "பொழுதுக்கும் அங்கதான் ஒக்காந்திருந்தேன். வேற வேல இல்லயே. ஒண்ணு பாத்தேன். பதுளைக்குப் போற ரயிலு கூவிட்டுப் போன கொஞ்ச நேரத்துல, வெயிலு கான் பக்கத்தால சாஞ்சு உள்ள வருது. நேரா கூட்டு மேல. ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம் நிக்கிது, அப்பறம் போயிருது."

நான் அவரையே பார்த்தேன்.

"நீ மேல தொறந்துட்ட," என்றார். "அது பக்கத்தால வருது."

மறுநாள் காலை பெரிய கிளாக்கரின் மேசை முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். கொம்போணான்கூட எப்படியோ உள்ளே வந்துவிட்டது. அவர் வில்லை இரண்டும் இல்லாத பழைய மூக்குக்கண்ணாடிச் சட்டத்தைத் திருகிக்கொண்டே கேட்டார். பிறகு பெரட்டுப் புத்தகத்தைத் திறந்து, அந்தக் கோட்டை அடித்து, பக்கத்தில் தன் கையெழுத்தை வைத்தார்.

"இதை நீராய்ச் சொன்னீரோ, அந்தப் பிள்ளை சொல்லச் சொன்னதோ?"

"அவங்கதான் எடுக்கச் சொன்னாங்க."

"அப்ப உமக்கு வேலை மிஞ்சினது அந்தப் பிள்ளையாலை. விளங்குதோ?" புத்தகத்தை மூடினார். "பிழை விட்டது நீர். விடியக்காலமை பனிக்குள்ளை நிக்கிறது அவவோ? இனி நீர் போம். பெரட்டுக்கு நான் நிக்கிறன். ரயில் போய் அரை மணித்தியாலத்திலை நீர் இந்த மேசையிலை இருக்கவேணும்."

போனேன். எட்டு வாதும் கட்டினேன். ஆனால் குருவிகள் வரவில்லை. என் வெள்ளைச் சட்டையைப் பார்த்து நிழல் மரத்தில் இருந்து இரண்டும் கத்தின. குஞ்சு பசியில் வாயைத் திறந்தபடி இருந்தது. நான் இருக்கிறவரை அதற்குச் சாப்பாடு இல்லை. அன்று பின்னேரம் அக்காவே தன் பழைய கூடையையும் ஒரு படங்கையும் கொண்டுவந்து எங்கள் வாசலில் வைத்தார்.

"கொழுந்துக்கு வேற கூட இருக்கு," என்றார். அவ்வளவுதான். முன்பு கேட்டதற்கு இப்போது பதில்.

கூடையில் கமராவுக்கு ஓட்டை போடக் கத்தியை எடுக்கப் போனேன். என் கையைப் பார்த்தார். எடுக்கவில்லை. மூங்கில் பின்னலை இரண்டு குச்சியால் நெம்பி, கமராவின் கண் அளவுக்கு விரித்துக் காட்டினார். "குச்சிய உருவுனா பழையபடி மூடிக்கும்."

சனிக்கிழமை காலை, இடுப்பில் படங்கு, தலையில் கயிறு, முதுகில் கூடையோடு நான் லயத்தைத் தாண்டிப் போனதைப் பார்க்காத ஆள் எங்கள் தோட்டத்தில் இல்லை. "சின்னக் கிளாக்கருக்கு எந்த நெரை?" என்று ஒருத்தி கேட்டாள். "ரெண்டு எல ஒரு மொட்டுங்க ஐயா, முத்தின எலய எடுத்துறாதீங்க," என்றார் கங்காணி. அப்பா வாசலில் நின்று என்னைப் பார்த்தார், கூரை இடுக்கைப் பார்த்தார், உள்ளே போய்விட்டார். எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. குருவிகள் என்ன சொல்லும் என்பதே என் கவலை.

ஒன்றும் சொல்லவில்லை. கூட்டுக்கு ஒரு முழத்தில் கூடையை இறக்கி வைத்து, நூலைப் பிடித்துக்கொண்டு மூன்று செடி தள்ளி நின்று, வராத கொழுந்தை எடுப்பதுபோல் கையை ஓட்டினேன். இரண்டே நிமிடம். தாய்க் குருவி கூடையின் விளிம்பில் இறங்கி, அங்கிருந்து கூட்டுக்குப் போனது. ரயில் கூவியது. வெயில் வரவில்லை, மூடுபனி. ஞாயிறும் மூடுபனி. திங்களன்று வெயில் வந்தது, அவசரத்தில் நூலை இழுத்ததில் கூடையே ஆடிவிட்டது. அடுத்த நாள் காற்று, இரண்டு படம் வீண். மூன்று படம் போய், கடைசிப் படம்தான் மிச்சம் இருந்தது. புதன்கிழமை அக்கா, ஆற்றுக்கு அந்தப்பக்கம் போகிற வழியில், செடிகளுக்கு மேலால் எனக்குக் குரல் கொடுத்துவிட்டுப் போனார். "ஐயா, இன்னைக்கு வெயிலு வரும். குடிச்சு முடிக்கிற வரைக்கும் பொறுங்க."

ரயில் கூவியது. வெயில் கான் பக்கமாக நுழைந்து, இலைகளுக்கு அடியில் ஊர்ந்து, கூட்டின் விளிம்பில் ஏறியது. குருவி வாயில் ஒரு பச்சைப் புழுவோடு வந்தது. நான் ஒரு தேத்தண்ணியை மனதுக்குள் மெல்ல மெல்லக் குடித்தேன். கடைசி மடக்கில் இழுத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை கூடு காலி. பக்கத்துச் செடியில் மூன்று குருவிகள். ஒன்றுக்கு வால் இன்னும் கட்டை. அன்று பின்னேரம் அக்கா வந்து எட்டு வாதையும் அவிழ்த்து, நூலைச் சுருட்டி மடியில் செருகிக்கொண்டார். "வெட்டுன எடத்துல தளுப்பு வந்துரும்," என்றார் செடியைத் தட்டிக்கொடுத்து.

அட்டனில் ஸ்டூடியோக்காரர் சுருளைக் கழுவிப் படங்களைக் கொடுத்தார். முதல் நாலையும் பார்த்து அவர் எழுந்தே நின்றுவிட்டார். அவ்வளவு தெளிவு. ஒவ்வொரு இறகும் தெரிந்தது. "தம்பி, இத கொழும்புப் பத்திரிகைக்கு அனுப்புங்க, கட்டாயம் போடுவாங்க." கடைசிப் படத்தைப் பார்த்து, "இது எலையப் புடிச்சதா?" என்று கேட்டார்.

படங்களை அக்காவிடம் காட்டினேன். வெளிச்சமான படத்தைக் கையில் வாங்கி, புடவைத் தலைப்பால் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இதுல ரெண்டு வாயி இருக்கு," என்றார்.

அந்தப் படத்தை நான் எங்கும் அனுப்பவில்லை. கடைசிப் படத்தைத்தான் கொழும்புக்கு ஒரு வாரப் பத்திரிகைக்கு அனுப்பினேன். கீழே எழுதுவதற்கு அக்காவின் பெயரைக் கேட்டேன். "குருவி படந்தானே. எம் பேரு எதுக்கு அங்க?" என்றார். பெயர் இல்லாமல் அனுப்பினேன். 'குருவி எங்கே?' என்று ஒரு துண்டுச் சீட்டோடு அது திரும்பி வந்தது. அதில் குருவி இருக்கிறது. இலைகளுக்குள், வெயில் விழுந்த ஒரு விரலகல இடத்தில், வெள்ளை வளையம் போட்ட ஒரு கண்ணும், பச்சைப் புழுவும், அண்ணாந்த ஒரு வாயும். சுற்றிலும் இலை. எது செடியின் இலை, எது நான் கட்டிய இலை என்று எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன், என்னாலேயே சொல்ல முடியவில்லை. நான் எடுத்ததில் நல்ல படம் அதுதான்.

அடுத்த வருடம் அவர்கள் தோட்டத்தை விட்டுப் போனார்கள். பட்டிப்பொலைப் பக்கம் ஒரு மரக்கறித் தோட்டத்தில் புருஷனுக்கு வேலை கிடைத்தது. போன மறுநாள் தொங்கல் காம்பராவை எட்டிப் பார்த்தேன். சுவரில் அடித்த ஆணிகளைப் பிடுங்கி, ஓட்டையைக் களிமண்ணால் அடைத்திருந்தார். அடுப்பு, கல்யாணமாகி அவர்கள் அந்த அறைக்கு வருவதற்கு முன் இருந்த மூலைக்கே மாறியிருந்தது. வாசலில் அவர் கறிவேப்பிலை வைத்த இடத்தில் மண் சமமாக இருந்தது. எட்டு வருடம் ஒரு பெண் அங்கே சமைத்து, சிரித்து, தூங்கி எழுந்ததற்கு ஓர் அடையாளமும் இல்லை. எனக்கு முதல் தடவையாக அந்தக் குணத்தின் மேல் கோபம் வந்தது. பிறகு எங்கள் வீட்டு மூலையில் இருந்த பழைய கூடை ஞாபகத்துக்கு வந்தது. அதை மட்டும் அவர் திருப்பிக் கேட்கவில்லை. மறந்திருப்பார் என்று நான் நம்பவில்லை.

இப்போது நான் தற்காலிகம் இல்லை, நிரந்தரக் கிளாக்கர். சட்டை மட்டும் காக்கி. இந்த வருடம் எங்கே போனாலும் இலங்கையும் இந்தியாவும் போட்ட ஒப்பந்தத்தைப் பற்றித்தான் பேச்சு. யார் இங்கே, யார் இந்தியாவுக்கு என்று லயத்துக்கு லயம் கணக்குப் போடுகிறார்கள். போன வாரம் அக்காவிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. யாரோ பள்ளிக்கூடப் பிள்ளை எழுதிக்கொடுத்திருக்கிறது, ஆனால் சொன்னது அவர்தான் என்பதில் சந்தேகமில்லை.

'எங்கள எல்லாம் இருந்த எடத்துலயே கொண்டுபோயி வைக்கப் போறாங்களாம். நான் பொறந்தது மூணாம் லயத்துல. அப்ப அங்கதானே வைக்கணும்? விசாரிச்சு எழுது. அது நிக்கட்டும். இங்க ஓடையில ஒரு குருவி வருது. கருப்புல நீலம். தோளுல மட்டும் நல்ல நீலம். தண்ணிச் சத்தத்துக்கு மேல விசிலு அடிக்குது. மனுசர கண்டா நிக்காது. நான் துவைக்கிற கல்லுக்கு அந்தப் பக்கம் வந்து நிக்கிது. பனி கலஞ்சதும் ஓடை மேல ஒரு துண்டு வெயிலு வருது. நேரம் பாத்து வச்சிருக்கேன். கூடைய எடுத்துட்டு வா. கத்தி வேணாம்.'

முதல் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. பெரிய கிளாக்கரிடம் கேட்டேன், அவரிடமும் இல்லை. பட்டிப்பொலையில் நேரில் உட்கார்ந்து, அவருடைய பிரஜாவுரிமை விண்ணப்பத்தில் பிறந்த இடம் என்ற கோட்டில் மூன்றாம் லயம் என்று என் பேனாவால் எழுதப் போகிறேன். அங்கே அவர் இருந்தார். அந்த இடத்தில் பெயரை வைக்க அவர் ஒத்துக்கொள்வார்.

இரண்டாவதற்குத் தயாராக இருக்கிறேன். சனிக்கிழமை பதுளை ரயில். புது வில்லை, இரண்டு சுருள், நூல், படங்கு எல்லாம் கட்டியாகிவிட்டது. ஓடைக்குக் கமராவைக் கொஞ்சம் தாழ்வாக வைக்க வேண்டும் என்பதால், கூடையின் தலைக்கயிறை இரண்டு விரல் நீட்டிக் கட்டியிருக்கிறேன். பழைய முடிச்சு இருந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். நீலக் குருவி படத்தில் விழுந்ததும், கமராக் கண்ணுக்கு வைத்த குச்சி இரண்டையும் உருவி, கயிறை அந்தக் கோட்டிலேயே முடிந்து, கூடையை அவர் கையில் கொடுக்க வேண்டும்.